டோக்கன் அட்வான்ஸ் கொடுத்தாச்சு, கடை நமக்கா?

கேள்வி: ஜவுளிக் கடை போட ஈரோட்டில் ஒரு இடம் பார்த்தேன். மாதம் 30,000 ரூபாய் வாடகை, 5 வருஷம் என்று உரிமையாளரிடம் பேசி முடித்து 50,000 ரூபாய் டோக்கன் அட்வான்ஸும் ஜிபேயில் அனுப்பிவிட்டேன். அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய அக்ரிமெண்ட் மாதிரிக்கு ‘சரிங்க’ என்று பதில் போட்டேன். சாவி இன்னும் கைக்கு வரவில்லை. இப்போது வேறு யாரோ கூடுதல் வாடகை தருகிறார்களாம், பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்கிறார். நான் ரேக்குக்கெல்லாம் ஆர்டர் கொடுத்துவிட்டேன். அவர் இப்படிப் பேச்சு மாறலாமா?
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: அவர் செய்வது நியாயமே இல்லை. ஆனால் அந்த இடத்தில் 5 வருஷம் இருக்கும் உரிமை உங்களுக்கு இன்னும் வரவில்லை. அதனால் ரேக் ஆர்டரை இன்றைக்கே நிறுத்தி வையுங்கள்.

1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 107-ஆவது பிரிவில் தெளிவாகச் சொல்கிறது: ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட வாடகை என்றால், இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டுப் பதிவு செய்த பத்திரம் வேண்டும். அதற்குக் குறைந்த காலம் என்றால், இந்தச் சட்டத்தைப் பொறுத்தவரை, வாய்ப்பேச்சோடு இடத்தை ஒப்படைத்தாலே போதும். ஊரெல்லாம் 11 மாத அக்ரிமெண்ட் போடுவது இதனால்தான். உங்களிடம் பத்திரமும் இல்லை, சாவியும் இல்லை.

அப்படியானால் டோக்கனுக்கும் வாட்ஸ்அப்புக்கும் மதிப்பே இல்லையா? இருக்கிறது. வாய்ப்பேச்சிலும் மெசேஜிலும்கூட ஒப்பந்தம் உண்டாகலாம், அது மீறப்பட்டால் நஷ்டஈடு கேட்கலாம். ஆனால் எந்தத் தேதியிலிருந்து வாடகை, மீதி அட்வான்ஸ் எவ்வளவு, வருஷத்துக்கு எவ்வளவு ஏற்றம், இதெல்லாம் முடிவாகியிருந்ததா என்று நீதிமன்றம் பார்க்கும். அதைவிட முக்கியம், கையெழுத்துப் போட்டால்தான் கட்டுப்படுவோம் என்று இருவரும் நினைத்திருந்தீர்களா என்பது. மெசேஜை எல்லாம் மேலிருந்து ஒருமுறை படித்துப் பாருங்கள். ‘அக்ரிமெண்ட் போட்டதும் பார்த்துக்கலாம்’ என்று இருந்தால் உங்கள் பக்கம் பலவீனம். ‘முடிஞ்சாச்சு, ஒண்ணாந்தேதி வந்து சாவி வாங்கிக்கோங்க’ என்று அவரே எழுதியிருந்தால் கதை வேறு. எதையும் அழித்துவிடாதீர்கள்.

இந்த இடம்தான் வேண்டும் என்று வருஷக்கணக்கில் வழக்கு நடத்துவதை நான் சொல்ல மாட்டேன், அதற்குள் உங்கள் முதல் கரைந்துவிடும். டோக்கன் முழுவதும் திரும்பி வர வேண்டும், ஆர்டரை ரத்து செய்வதில் ஆகும் நஷ்டத்தையும் ரசீதோடு கேளுங்கள், மறுத்தால் வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். பணம் வாங்கும்போது ‘இனி எந்தப் பாக்கியும் இல்லை’ என்று எழுதிய தாளை நீட்டினால், நஷ்டம் தீராமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கேள்வி: 20 ரூபாய் பத்திரத்தாளில் 5 வருஷ அக்ரிமெண்ட் எழுதி, நோட்டரி கையெழுத்தும் வாங்கி, 2 வருஷமாகக் கடை நடத்துகிறேன். பதிவு செய்யவில்லை. இது செல்லுமா?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: நோட்டரி முத்திரை பதிவுக்கு ஈடாகாதும்மா. ஆனால் பயப்பட வேண்டாம், நீங்கள் அத்துமீறி உட்கார்ந்திருப்பவர் ஆகிவிடவில்லை. இதே மாதிரி பதிவு செய்யாத 5 வருஷ ஒப்பந்தம் ஒன்று கேரளத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போனது. தாள் செல்லாவிட்டாலும், இடத்தைக் கொடுத்து வாடகையும் வாங்கியபின் வாடகைதாரர் உறவு உண்டு, அது மாதாமாதம் தொடரும் வாடகை என்று 2000-இல் தீர்ப்பு வந்தது. சிக்கல் என்னவென்றால், மீதி 3 வருஷத்துக்கு அந்தத் தாளைக் காட்டி உரிமை கேட்க முடியாது. மாத வாடகையை முடிக்க, சொத்து மாற்றுச் சட்டப்படி 15 நாள் நோட்டீஸ் போதும். அதற்காக உரிமையாளரே வந்து பூட்டுப் போட முடியாது, நீதிமன்றம் வழியாகத்தான் காலி செய்ய வைக்கலாம்.

கையெழுத்தான 4 மாதத்துக்குள் பத்திரத்தைப் பதிவுக்குக் கொண்டுபோக வேண்டும், உங்களுக்கு அந்தக் கெடு தாண்டிவிட்டது. மீதிக் காலத்துக்குப் புதுப் பத்திரம் எழுதி, இருவரும் சார்பதிவாளர் அலுவலகம் போய்ப் பதிவு செய்யுங்கள். இது தவிர, 2019 பிப்ரவரி 22-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடமும் அதைப் பதிய வேண்டும். 11 மாத அக்ரிமெண்ட்டுக்கும் இது உண்டு. உரிமையாளர் நல்ல மனநிலையில் இருக்கும்போதே பேசுங்கள். கடை நன்றாக ஓட ஆரம்பித்தபின் கேட்டால், கையெழுத்தோடு வாடகையும் ஏறும்.