பட்டிநாய் எஜமானனைக் கடித்தால்: இதய அழற்சி பற்றிச் சில கேள்விகள்

நோய் எதிர்ப்பியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்று இப்போது கோவையில் இருக்கிறேன். வந்த கேள்விகளைச் சுருக்கிப் பதில் எழுதியிருக்கிறேன். மருந்து விஷயத்தில் உங்கள் மருத்துவர் சொல்வதே முடிவு.

கோபியிலிருந்து ஓர் அம்மா: பையனுக்குப் பதினோரு வயதுங்க. தொண்டை வலி வந்து மூன்று வாரம் கழித்து முட்டி வீங்கியது. இப்போது ருமாட்டிக் காய்ச்சல், வால்வில் கசிவு என்கிறார்கள். தொண்டைக்கும் இதயத்துக்கும் என்னங்க சம்பந்தம்?

ஆட்டுப்பட்டிக்குள் திருடன் எஜமானனின் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்தான் என்று வையுங்கள். நாய் அவனை விரட்டிவிடும். மறுநாள் எஜமானன் அதே கம்பளியோடு வந்தால் அவர் மேலும் பாயும். தொண்டை வலியைத் தந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியின் மேலுள்ள எம் புரதம் இதயத்தின் மயோசின் புரதத்தைப் போலவே இருக்கிறது. கிருமியைப் பிடிக்கப் பழகிய டி செல்களும் (வெள்ளை அணுக்களில் ஒரு வகை) எதிர்ப்புரதங்களும் (ஆன்டிபாடி) கடைசியில் வால்வு மேல் திரும்புகின்றன. இதயத் தசையில் அழற்சியை அடக்கும் செல்கள் கொஞ்சம் தாராளமாக இருப்பதால் அது பெரும்பாலும் தேறிக்கொள்ளும். வால்வில் அவை குறைவு. அதனால்தான் காய்ச்சல் போன பிறகும் இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு நடுவிலுள்ள மைட்ரல் வால்வில் தழும்பு தங்கிவிடுகிறது.

திருப்பூர் வாசகர்: அடக்கும் செல்கள் என்றால் எவை?

எனக்குப் பிடித்த கேள்வி. டி செல்களுக்குப் பள்ளிக்கூடம், நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பி. சொந்த உடம்பைத் தாக்கும் செல்களை அங்கேயே கழித்துவிடுவார்கள். ஆனால் இதயத் தசையின் ஆல்ஃபா மயோசினை அந்தப் பள்ளியில் காட்டுவதே இல்லை! ஆகவே இதயத்தைக் குறிவைக்கக்கூடிய செல்கள் நல்ல ஆரோக்கியமானவர் உடம்பிலும் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றை மடக்கி வைப்பவை ஒழுங்குபடுத்தும் டி செல்கள். இன்டர்லூகின்-10 என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சுரந்து அழற்சியைத் தணிக்கும்; மற்ற டி செல்கள் பெருகத் தேவையான இன்டர்லூகின்-2ஐத் தாமே உறிஞ்சிக்கொள்ளும். ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி 1995இல் இவற்றை அடையாளம் காட்டினார். இவற்றின் பின்னால் இருக்கும் ஃபாக்ஸ்பி3 மரபணுவை மேரி பிரன்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெல்லும் 2001இல் கண்டார்கள். மூவருக்கும் 2025இல் நோபல் பரிசு.

தாராபுரம் வாசகர்: அப்பாவுக்குப் புற்றுநோய்க்கு இம்யூனோதெரபி. இதயத்தைக் கவனிக்கச் சொன்னார்களே, ஏன்?

அந்த மருந்துகள் டி செல்களின் பிரேக்கை விடுவிப்பவை. அபூர்வமாக, அவிழ்ந்த செல்கள் இதயத் தசையிலும் பாயும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், இமை தொங்குவது என்று எது வந்தாலும் அன்றைக்கே போங்கள்.

ஈரோடு வாசகர்: நம்ம ஊர் மஞ்சளே அழற்சியைக் குறைக்குமாமே? எதிர்ப்புச் சக்தி பொடியும் கொடுக்கலாமா?

மஞ்சள் குழம்புக்குச் சரி. குர்குமின் குடலில் லேசில் உறிஞ்சப்படாது. பொடி வேண்டாம். இங்கே சக்தி குறையவில்லை, இலக்குதான் தவறிவிட்டது.

மறுபடி கோபி அம்மா: பென்சிலின் ஊசி எத்தனை நாளைக்குங்க?

அந்தக் கிருமி மறுபடி தொற்றாமல் தடுக்கத்தான் இந்த ஊசி. மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒன்று. இதயம் பாதித்திருந்தால் குறைந்தது பத்து வருடம் அல்லது 21 வயது வரை, எது பிந்தியதோ அது. வால்வுக் கோளாறு நிலைத்துவிட்டால் 40 வயது வரைகூடப் போகும். பாரியூர் கோயில் குண்டம் திருவிழா முடியட்டும், பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போட்டு, அடுத்த தொண்டை வலியில் வால்வை இன்னும் கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு. தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.