அமெரிக்கப் பள்ளிகளில் கருக்கலைப்பை எதிர்க்கும் மாணவர் மன்றங்களுக்கு எப்படி இடம் கிடைக்கிறது?

கருவில் இருக்கும் உயிரையும் காக்க வேண்டும் என்று வாதிடுபவர்களை அமெரிக்காவில் ‘புரோ-லைஃப்’ தரப்பு என்கிறார்கள். வாஷிங்டனில் 1974 முதல் இவர்கள் நடத்திவரும் பேரணிதான் செய்திகளில் வரும். அன்றாட வேலை நடப்பதோ தேவாலயக் கூடங்களிலும் வகுப்பறைகளிலும். ஆதரவாளர்கள் குழந்தைகளுக்கான காலிப் பால்புட்டியை வீட்டுக்கு எடுத்துப்போய், சில்லறை நிரப்பித் திருப்பித் தருவார்கள். அந்தக் காசு கர்ப்பிணிகளுக்கு உதவும் மையங்களுக்குப் போகும். கொள்கையில் உடன்படாதவருக்கும் அந்தப் புட்டியில் இருக்கும் அக்கறை புரியும் என்று நம்புகிறேன்.

சரி, இவர்களுடைய மாணவர் மன்றத்தை அரசுப் பள்ளி எப்படி அனுமதிக்கிறது? 1984-இல் வந்த சம அணுகல் சட்டம்தான் காரணம். மத்திய அரசின் நிதி பெறும் உயர்நிலைப் பள்ளி, பாடத்தோடு தொடர்பில்லாத ஒரு மன்றத்துக்கு, சதுரங்க மன்றம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், இடம் கொடுத்துவிட்டால், கருத்தைக் காரணம் காட்டி இன்னொன்றை மறுக்க முடியாது. ஊர்ச் சமுதாயக் கூடத்தை ஒரு வீட்டு விசேஷத்துக்குத் திறந்துவிட்டு, அடுத்த வீட்டாருக்குச் சாவி இல்லை என்று சொல்ல முடியுமா? கருக்கலைப்பு உரிமையை ஆதரிக்கும் மாணவர்களுக்கும் அதே சாவி உண்டு.

அறை கொடுத்ததாலேயே பள்ளி அந்தக் கருத்தை ஏற்றுக்கொண்டதாகப் பலர் நினைக்கிறார்கள். ஆனால் மன்றத்தைத் தொடங்குவது மாணவர்கள், அங்கே பேசப்படுவதும் அவர்களுடைய கருத்து மட்டுமே.