தாஜ்மகாலைப் பார்க்க வளையலை அடகு வைக்க வேண்டுமா?

கேள்வி: நான் தலவாக்கலையில் ஒரு பலசரக்குக் கடையில் கணக்கெழுதுகிறேன்; மனைவி தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். எங்கள் மகள் புலமைப்பரிசில் பெற்று டில்லியில் பட்டப்படிப்புப் படிக்கிறாள். கல்விக் கட்டணமும் விடுதிச் செலவும் புலமைப்பரிசிலில் அடங்கிவிடுவதால், கைச்செலவுக்கு மட்டும் மாதம் 25,000 ரூபாய் அனுப்புகிறோம். தீபாவளி முடிந்ததும் ஒரு வார இறுதியில் நேபாளம், பங்களாதேஷ், கென்யா நாட்டுத் தோழிகளுடன் ஆக்ரா சென்று இரண்டு நாள் தங்கிப் பார்த்துவர 12,000 இந்திய ரூபாய் கேட்கிறாள். வளையலை அடகு வைக்கலாம் என்கிறார் மனைவி. தோட்டத்தில் கிடைக்கும் தீபாவளி முற்பணத்தைக் கொடுத்துவிடலாம் என்பது என் எண்ணம். எது நல்லது?

பதில்: இரண்டும் வேண்டாம். ஆனால் மகள் ஆக்ராவுக்குப் போகட்டும். படிக்கப் போன இடத்தில் ஊர் சுற்றலாமா என்ற தயக்கம் உங்கள் கடிதத்தின் வரிகளுக்கிடையே தெரிகிறது. டில்லியில் சில ஆண்டுகள் இருந்துவிட்டுத் தாஜ்மகாலைப் பார்க்காமல் திரும்பும் பிள்ளை, பின்னர் அதே பயணத்திற்கு விமானக் கட்டணமும் சேர்த்துச் செலவழிக்க நேரிடும் என்பதால், வெறும் கணக்காகப் பார்த்தாலும் இப்போது போவதே மலிவு.

கேட்ட தொகைதான் அதிகம். இந்திய ரூபாய் ஒன்றுக்கு நமது மூன்றரை ரூபாய் என்று கணக்கிற்காக வைத்துக்கொண்டால், 12,000 என்பது இங்கே 42,000 ரூபாய்; நீங்கள் ஒரு மாதத்திற்கு அனுப்பும் பணத்தை விட ஒன்றரை மடங்கிற்கும் மேல். அதில் பெரும் பகுதி தங்குமிடத்திற்கும் அவசரத்தில் வாங்கும் பயணச்சீட்டிற்கும் போவதாகவே தோன்றுகிறது. டில்லியிலிருந்து ஆக்ரா இருநூறு கிலோமீற்றருக்குச் சற்று மேல். விரைவுப் புகையிரதத்தில் இரண்டு மணிநேரத்திற்குள் சென்றுவிடலாம், ஆகவே அதிகாலையில் கிளம்பி இரவே விடுதிக்குத் திரும்ப முடியும். வெளிநாட்டவரைத் தங்கவைக்கும் விடுதிகள் அவர்களின் விவரத்தை அரசாங்கத்திற்கு அறிவிக்க வேண்டியிருப்பதால் மிக மலிவான விடுதிகள் பல அவர்களை ஏற்பதில்லை. இரவு தங்காவிட்டால் அந்த அலைச்சலும் மிச்சம்.

அடுத்தது நுழைவுக் கட்டணம். ஹோர்ட்டன் சமவெளியிலும் பேராதனைப் பூங்காவிலும் உள்நாட்டவருக்கு ஒரு விலை, வெளிநாட்டவருக்கு ஒரு விலை என்பது நம் பக்கத்தவருக்குப் பழகிய விஷயம். இந்தியத் தொல்லியல் துறையின் நினைவுச்சின்னங்களில் இவற்றோடு மூன்றாவது நிலை ஒன்றும் உண்டு. தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க், வங்காள விரிகுடாப் பகுதி நாடுகளின் கூட்டமைப்பான பிம்ஸ்டெக் ஆகியவற்றின் உறுப்பு நாட்டவருக்குக் கட்டணம் குறைவு, இலங்கை இரண்டிலும் உறுப்பு நாடு. தாஜ்மகாலில் வெளிநாட்டவருக்கு 1,100 ரூபாய், நம்மவருக்கு 540 ரூபாய். உள்ளே கல்லறை மண்டபத்தைக் காண அனைவருக்கும் மேலும் 200 ரூபாய். ஆக்ரா கோட்டையில் உள்ளூர் வரி நீங்கலாக வெளிநாட்டவர் 600 ரூபாய் செலுத்த, நம்மவர் இந்தியரைப் போலவே 40 ரூபாய் செலுத்தினால் போதும். இரண்டிலும் வித்தியாசம் 560 ரூபாய் வீதம் 1,120 ரூபாய். நம் பணத்தில் ஏறத்தாழ 3,900 ரூபாய். கடவுச்சீட்டைக் காட்டினால்தான் இச்சலுகை கிடைக்கும், பல்கலைக்கழக அடையாள அட்டையை மட்டும் எடுத்துச் சென்று ஏமாறக் கூடாது. நேபாள, பங்களாதேஷ் தோழிகளுக்கும் இதே சலுகை உண்டு, கென்யத் தோழிக்கு இல்லை. ஆகவே நுழைவுச்சீட்டை அவரவர் தனித்தனியே வாங்கிக்கொண்டு, ஆட்டோவையும் சாப்பாட்டையும் மட்டும் நால்வரும் பங்கிட்டுக்கொள்வது கணக்கிற்கும் நட்பிற்கும் நல்லது.

இப்படிப் பார்த்தால் புகையிரதம், நுழைவு, சாப்பாடு, ஆட்டோ எல்லாம் சேர்த்து 4,000 இந்திய ரூபாய்க்குள் முடியும் என்பது என் மதிப்பீடு. மகள் இப்போதிருந்து மாதம் 1,000 இந்திய ரூபாய் ஒதுக்கினால் நான்கு மாதத்தில், அதாவது பெப்ரவரியில், உங்களிடம் ஒரு சதமும் கேட்காமல் போய்வரலாம். டிசம்பரிலும் ஜனவரியிலும் வட இந்தியாவின் மூடுபனியால் புகையிரதங்கள் பல மணிநேரம் தாமதிப்பது வழக்கம் என்பதால், பொறுத்திருப்பதில் நட்டமில்லை. முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பே தொடங்கும். தொடங்கியதும் வாங்கினால், கடைசி நேரத்தில் தத்கால் முறையில் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமையில் தாஜ்மகால் மூடியிருக்கும், சனிக்கிழமையே சரி.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். மகள் உங்கள் இலங்கை வங்கி அட்டையை வைத்து டில்லியில் பணம் எடுப்பதாயின், ஒவ்வொரு முறையும் ஒரு கட்டணமும் நாணய மாற்றில் ஒரு கழிவும் போகும். சிறு சிறு தொகையாகப் பலமுறை எடுப்பதே இங்கு பெரிய ஓட்டை. இயந்திரம் இலங்கை ரூபாயிலா, இந்திய ரூபாயிலா என்று கேட்டால் இந்திய ரூபாயையே தெரிவுசெய்ய வேண்டும். அதைவிட, கடவுச்சீட்டு, மாணவர் வீசா, அனுமதிக் கடிதம் ஆகியவற்றைக் கொடுத்து அங்கேயே என்ஆர்ஓ எனப்படும், வெளிநாட்டு மாணவரும் திறக்கக்கூடிய இந்திய ரூபாய் வங்கிக் கணக்கொன்றைத் திறந்துகொள்வது நல்லது.

வளையலைப் பற்றி. அடகில் வட்டி ஏறும், தவணை தப்பினால் ஏலம். ஒரு வார இறுதிக்காக அந்த அபாயத்தை ஏற்பது தகாது. தீபாவளி முற்பணம் பின்னர் மாதச் சம்பளத்தில் கழிக்கப்படும் கடன்தான், எனவே அதைப் பண்டிகைக்கே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டிற்கு இப்போது அவசியமானது, டில்லியிலிருந்து கொழும்புக்கு அவசரமாகத் திரும்ப ஒரு விமானச்சீட்டின் விலைக்குச் சமமான கையிருப்பு. மாணவர் வீசாவில் மகள் அங்கே வேலை செய்து உழைக்க முடியாது என்பதால் அந்தப் பணம் இங்கிருந்துதான் போக வேண்டும். 2022இல் சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாயைத் தாண்டியபோது, பிள்ளைகளை வெளிநாட்டில் படிக்கவைத்த பெற்றோர் பட்ட பாட்டை நீங்களும் கண்டிருப்பீர்கள். ஆகவே அந்தக் கையிருப்பில் ஒரு பகுதியேனும் மகளின் இந்தியக் கணக்கில் இந்திய ரூபாயாகவே இருக்கட்டும். அது சேரும்வரை வளையல் பெட்டியிலேயே இருப்பது நல்லது. உண்மையான அவசரம் வந்தால் அன்று கைகொடுக்கும்.