கோடிக்கணக்கில் குடிநீர்த் திட்டங்கள் போட்டும் கோவை, திருப்பூர் பக்கம் பல ஊர்களில் வாரம் பத்து நாளைக்கு ஒரு தடவைதான் தண்ணீர் வருகிறது. ஏன்? அரசு என்ன செய்ய வேண்டும்?

கோவைப் புறநகரில் மோட்டார் பம்பு கடை வைத்திருக்கிறேன். தண்ணீர் ஒழுங்காக வந்துவிட்டால் என் வியாபாரத்தில் கணிசமான பங்கு படுத்துவிடும். அதைத் தெரிந்துகொண்டே மேலே படியுங்கள்.

மாசி பிறந்தால் அரை எச்பி மோனோபிளாக் மோட்டார் வேகமாக விற்றுப் போகும். வாங்குகிறவர்களில் பலருக்குத் தோட்டமும் கிடையாது, கிணறும் கிடையாது. வாசலுக்கு வரும் ஆத்துத்தண்ணிக் குழாயில் மாட்டி இழுக்கத்தான். போன கோடையில் ஒரு அம்மா வந்து, "ஏனுங்ண்ணா, அரை எச்பி பத்துமுங்களா? பக்கத்து ஊட்ல முக்கால் போட்டிருக்காங்க" என்றார். பிடித்தால் மோட்டாரைத் தூக்கிப் போவார்கள், இணைப்பையும் துண்டிப்பார்கள் என்று அவருக்கும் தெரியும். வீதியில் எல்லாரும் இழுக்கும்போது தான் மட்டும் இழுக்காவிட்டால் குடம் நிறையாது என்பதும் தெரியும்.

அரசு செலவே செய்யவில்லை என்றால் அது பொய். நம்மூர் மழை மறைவுப் பக்கம், அடியில் கெட்டிப் பாறை. ஆயிரம் அடி போர்வெல் ஓட்டினாலும் பல இடத்தில் பாறைத்தூள் புகைதான் வரும், வந்தாலும் உப்புத்தண்ணி. அதனால் கோவைக்குச் சிறுவாணியைக் கொண்டுவர வேண்டும் என்று பத்திரிகையாளர் நரசிம்மலு நாயுடு 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே சொல்லிவிட்டார். நகராட்சித் தலைவராக இருந்த ரத்தினசபாபதி முதலியார் காலத்தில் அது நடந்தது, ஆர்.எஸ்.புரம் அவர் பெயர்தான். இப்போதிருக்கும் சிறுவாணி அணை 1973-இல் கேரளத்தோடு போட்ட ஒப்பந்தத்தால் வந்தது. அப்புறம் பவானி ஆற்றின் பில்லூர் அணையிலிருந்து பில்லூர் ஒன்று, இரண்டு திட்டங்கள். 2024-இல் பில்லூர் மூன்றாவது திட்டம், சுமார் 780 கோடி ரூபாயில், நாளுக்கு 17.8 கோடி லிட்டர். அதே ஆண்டு ஆகஸ்டில் அத்திக்கடவு – அவிநாசித் திட்டம், 1,916 கோடி, 1,045 குளம் குட்டைகளுக்கு. அது நேரடிக் குடிநீர்த் திட்டம் அல்ல. ஆனால் குளம் நிறைந்தால் பக்கத்துப் போர்வெல்களில் ஊற்று ஏறும், கிராமத்துக்கு அதுவும் குடிநீர்தான்.

ஆக, ஆற்றிலிருந்து ஊர் எல்லை வரை பணம் வந்திருக்கிறது. ஊர் எல்லையிலிருந்து வாசல் வரைதான் வரவில்லை. நகரம் கால்வாசி இருந்தபோது வீதிகளுக்குப் போட்ட பழைய பகிர்மானக் குழாயில் புதுத் தண்ணீரை விட்டால் கசிவுதான் கூடும். அணைக்கும் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு. நாலு அங்குலக் குழாயை ஆறு அங்குலமாக மாற்றினால் யார் வந்து ரிப்பன் வெட்டுவார்கள்? ரோட்டைத் தோண்டிப் போட்டார்கள் என்று திட்டுதான் விழும்.

குடிநீர்த் திட்டத்தை 30 வருடம் கழித்து இருக்கப்போகும் மக்கள்தொகைக்குப் போட வேண்டும் என்கிறது மத்திய அரசின் கையேடு. நம்மூரில் முதலில் சைட் பிரிப்பார்கள், வீடு கட்டுவார்கள், குடி வருவார்கள், கடைசியில் குழாய் வரும். 2011-இல் கோவை மாநகராட்சி 105 சதுர கிலோமீட்டரிலிருந்து 257-ஆக விரிந்தது. சேர்ந்த நகராட்சி, பேரூராட்சிகள் ஒவ்வொன்றும் தனித்தனித் திட்டம், தனித்தனித் தொட்டி, தனித்தனி முறை நாளோடு வந்தன. ஒரே மாநகராட்சியில் ஒரு வீதிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் வரும், அடுத்த வீதிக்குப் பத்து நாள் ஆகும்.

இந்தப் பத்து நாள் முறையில் யார் அடிபடுகிறார்கள் என்று பாருங்கள். பாதாளச் சாக்கடை உள்ள நகரத்தில் ஆளுக்கு நாளுக்கு 135 லிட்டர் என்பது கணக்கு. நாலு பேர் வீட்டுக்கு 540. பத்து நாளைக்கு ஒரு தடவை விட்டால், அந்த ஒரு தடவையில் 5,400 லிட்டர் பிடித்து வைத்தால்தான் கணக்கு நேராகும். சொந்த வீட்டுக்காரர் வாசலில் சம்ப் என்ற தரைத்தொட்டி கட்டியிருப்பார், மாடியில் சின்டெக்ஸ் இருக்கும், பிடித்துவிடுவார். வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் வாடகைக்கு இருக்கும் பனியன் கம்பெனித் தொழிலாளிக்கு இரண்டு டிரம்மும் பத்துக் குடமும்தான். காகிதத்தில் இருவருக்கும் ஒரே அளவுதான் வழங்கியதாக இருக்கும். மூன்றாம் நாளே அவர் கேன் தண்ணிக்குக் காசு கொடுப்பார்.

விட்டு விட்டுத் தண்ணீர் விடுவதால் இன்னொரு கேடும் உண்டு. காலியாகக் கிடக்கும் குழாயில், அதுவும் வீதி முழுக்க மோட்டார் உறிஞ்சும்போது, விரிசல் வழியே சாக்கடை உள்ளே வரும். முதல் இரண்டு குடத்தைச் செடிக்கு ஊற்றுவது எங்கள் பக்கம் எல்லார் வீட்டிலும் வழக்கம். சம்ப், மோட்டார், சின்டெக்ஸ், ஆர்ஓ என்று ஒரு குடும்பம் போடும் காசைக் கூட்டிப் பாருங்கள். அரசு பகிர்மானத்தில் போடாத முதலீட்டைத்தான் நாம் வீடு வீடாகப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

தனியாரிடம் விட்டால் சரியாகிவிடும் என்பவர்கள் திருப்பூரைப் பார்க்க வேண்டும். அங்கே அரசும் தனியாரும் சேர்ந்த ஒரு கம்பெனி குடிநீர்த் திட்டம் போட்டது. பவானி ஆற்றிலிருந்து நாளுக்கு 18.5 கோடி லிட்டர், ஆயிரம் கோடிக்கு மேல் செலவு, 2005-இல் ஓடத் தொடங்கியது. சாயப்பட்டறைகள் அதிக விலைக்கு வாங்கும், அந்த வருமானத்தில் வீடுகளுக்கு மலிவாகத் தரலாம் என்பது கணக்கு. 2011-இல் நொய்யல் மாசு வழக்கில் நீதிமன்ற உத்தரவால் பட்டறைகள் மூடின. திரும்பத் திறந்தபோது சாயத்தண்ணியைச் சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். ஆற்றுக்கு நல்லது, கம்பெனிக்கு விற்பனை விழுந்து கடன் கழுத்தை நெரித்தது. குழாய்த் தண்ணீர் கிடைத்தது உண்மைதான், அதை மறுக்க மாட்டேன். ஆனால் குடிநீரின் வரவு செலவை ஒரே தொழிலின் மேல் கட்டியது தப்பு. கோவையில் 2018-இல் பிரான்சின் சூயஸ் கம்பெனிக்கு 26 வருட ஒப்பந்தம் கொடுத்தது பழைய 60 வார்டுகளின் பகிர்மானத்துக்காக. 24 மணி நேரமும் தண்ணீர் என்ற குறிக்கோள் சரிதான். குழாய் எப்போதும் நிறைந்திருந்தால் மோட்டாருக்கும் வேலையில்லை, சாக்கடை நுழையவும் வழியில்லை. 26 வருடம் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. நாலைந்து மேயர்கள் மாறும் காலம் அது.

என்னைக் கேட்டால், புது ஆறு தேடுவதை நிறுத்த வேண்டும். கோவை, திருப்பூர், அவிநாசி, மேட்டுப்பாளையம், போதாததற்குக் கொடிவேரி, காலிங்கராயன், கீழ்பவானிப் பாசனம், அத்தனைக்கும் அதே பவானிதான். பவானிசாகர் அணை 105 அடி நிரம்பி இருக்கும் வருடம் யாரும் சண்டை போடுவதில்லை. இல்லாத வருடம் யாருக்கு முதலில் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். அடுத்தது, ஒவ்வொரு திட்டத்திலும் பகிர்மானத்துக்கும் பராமரிப்புக்கும் தனிப் பணம். மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமங்களில் பெரும்பாலான வீடுகளுக்குக் குழாய் வந்துவிட்டது, நல்லது. அதைத் திறந்து மூடும் டேங்க் ஆபரேட்டருக்கு ஊராட்சி கொடுக்கும் சம்பளத்தைக் கேட்டால் சொல்லக் கூச்சமாக இருக்கும். அவர் வால்வை எத்தனை சுற்று திறக்கிறார் என்பதில்தான் கடைசி வீதியின் பிழைப்பு இருக்கிறது.

கிராமத்தில் இருந்தால் மார்ச் 22 கிராம சபைக்குப் போங்கள், உலகத் தண்ணீர் தினம் என்று அன்றைக்கே வைக்கிறார்கள். "கூட்டுக் குடிநீரில் நம்ம ஊருக்கு ஒதுக்கீடு எத்தனை லிட்டர், போன மாதம் தொட்டிக்கு ஏறியது எத்தனை லிட்டர்" என்று இரண்டே கேள்வி கேளுங்கள். தொட்டியில் மீட்டர் இல்லை என்று பதில் வந்தால், மீட்டர் வைக்கச் சொல்லித் தீர்மானம் எழுத வையுங்கள். நகரத்தில் இருந்தால் வார்டில் நடக்கும் பகுதி சபையில் இதையே கேட்கலாம்.