சுவோனில் சூசோக்

கேள்வி: என் மகன் தென்கொரியாவில் சுவோன் நகரில் வேலை பார்க்கிறான். சூசோக் பண்டிகைக்கு ஒரு குடும்பம் வீட்டுக்கு அழைத்திருக்கிறதாம். அது என்ன பண்டிகை? என்ன வாங்கிப் போகச் சொல்லட்டும்?
– வாசகி, கரூர்

பதில்: தைரியமாகப் போகச் சொல்லுங்கள் அம்மா. அன்று வீட்டுக்குக் கூப்பிடுகிறார்கள் என்றால் அவனைத் தங்கள் பிள்ளையாக நினைக்கிறார்கள் என்று அர்த்தம். சந்திர நாள்காட்டியில் எட்டாம் மாதப் பௌர்ணமிதான் சூசோக். செப்டம்பரிலோ அக்டோபரிலோ வரும். முந்தின நாள், மறுநாள் சேர்த்து மூன்று நாள் விடுமுறை.

இந்தப் பண்டிகை பெண்களின் உழைப்பில் பிறந்தது என்பார்கள். 1145இல் தொகுக்கப்பட்ட 'சம்குக் சாகி' என்ற வரலாற்று நூல், கி.பி. 32இல் பழைய கொரியாவின் சில்லா நாட்டு மன்னர் யூரி நடத்திய நெசவுப் போட்டியைச் சொல்கிறது. தலைநகரப் பெண்கள் இரண்டு அணியாகப் பிரிந்தார்கள். அணிக்கு ஓர் இளவரசி தலைமை. ஒரு மாதம் விடிகாலையில் கூடி இரவு வரை வேலை. எட்டாம் மாதப் பௌர்ணமியன்று, தோற்ற அணி சமைத்துப் போட, எல்லோரும் ஆடிப் பாடினார்கள்.

இன்றைக்கும் காலையில் முதல் வேலை முன்னோருக்குப் படையல். புது அரிசிச் சோறு, அரிசி மது, பழங்கள், சோங்பியோன் என்ற அரிசிமாவுப் பலகாரம். அதை வைத்துக் குடும்பமே விழுந்து வணங்கும். அப்புறம் சமாதிக்குப் போவார்கள். அங்கே முளைத்த புல்லைச் சில வாரம் முன்பே வெட்டிச் சுத்தம் செய்திருப்பார்கள்.

சோங்பியோன் நம் கொழுக்கட்டைக்குத் தங்கை. நானும் இங்கே கொரியாவில் குடியிருப்பவள்தான். கீழ்வீட்டுப் பாட்டி செய்யும்போது உடன் உட்கார்ந்துகொள்வேன். அரிசிமாவை வெந்நீர் விட்டுப் பிசைந்து, உருட்டி, கட்டைவிரலால் குழித்து, வறுத்த எள்ளும் சர்க்கரையும் வைத்து அரைநிலாவாக மூடுவார். பானையில் பைன் ஊசியிலைகளைப் பரப்பி, அதன்மேல் அடுக்கி ஆவியில் வேகவைப்பார். இறக்கியதும் நல்லெண்ணெய் தடவுவார். இலைத்தடம் கோடுகோடாகப் பதிந்திருக்கும். அந்த வாசனைக்கே பாதி வயிறு நிறையும். அழகாகப் பிடிப்பவளுக்கு அழகான மகள் பிறப்பாள் என்று கட்டாயம் ஒருவர் சொல்வார்.

ஆனால் முந்தின நாள் முழுக்க அடுப்படியில் நின்று, மீனும் பூசணியும் முட்டையில் தோய்த்துப் பொரிப்பது பெரும்பாலும் மருமகள்கள்தான். எனக்கு இது சரியாகவே படவில்லை. 2022இல், கன்பூசிய மரபைக் காக்கும் சோங்க்யுன்க்வான் அமைப்பே படையலுக்கு ஒன்பது வகைக்கு மேல் வேண்டாம், பொரித்தவை கட்டாயமில்லை என்று அறிவித்துவிட்டது. எத்தனை பெண்களுக்கு மூச்சு வந்திருக்கும்!

அதனால் உங்கள் மகன் சாப்பிட்டதும் பாத்திரம் கழுவ எழுந்திருக்கட்டும். வேண்டாம் என்பார்கள், விடக்கூடாது. கையில் ஒரு பெட்டி கொரியப் பேரிக்காய் போதும், இரண்டு கையாலும் நீட்டிக் கொடுக்க வேண்டும். சைவம் என்றால் முன்பே சொல்லிவிடட்டும், சூப்பில் மாட்டிறைச்சி இருக்கும். வெளியூர் என்றால் ரயில் டிக்கெட்டை முன்பதிவு தொடங்கிய அன்றே எடுக்கச் சொல்லுங்கள்.