ஒலிம்பிக் பாய்மரப் படகோட்டம்: தொடங்க எவ்வளவு ஆகும்?

கேள்வி: மகளுக்குப் பன்னிரண்டு வயது. ஒலிம்பிக் வகைப் படகு ஒன்றை இப்போதே வாங்கிவிடலாமா?

பதில்: பணப்பையை உள்ளே வையுங்கள். இந்த வயதுக்கு ஆப்டிமிஸ்ட் என்ற சிறுவர் படகு போதும், 2.3 மீட்டர் நீளம், 35 கிலோ எடை. அதையும் கிளப்பில் இரவல் வாங்குங்கள். வளரும் பிள்ளைக்குச் சொந்தப் படகு என்பது பள்ளிச் சீருடைபோல, அடுத்த ஆண்டே பற்றாது.

கேள்வி: செலவு குறைந்த ஒலிம்பிக் பிரிவு எது?

பதில்: ஐஎல்சிஏ, ஒருவர் மட்டும் ஓட்டும் படகு. நேற்றுவரை லேசர் என்றோம். 1996 முதல் ஒலிம்பிக்கில் இருக்கிறது. ஆண்களுக்கு ஐஎல்சிஏ 7, பெண்களுக்கு ஐஎல்சிஏ 6, சிறுவர்களுக்கு ஐஎல்சிஏ 4. மூன்றுக்கும் படகின் உடல் ஒன்றுதான். பாய், பாய்மரத்தின் கீழ்த்துண்டு இரண்டு மட்டுமே வேறு. உடம்பு எடை கூடும்போது அந்த இரண்டை மாற்றினால் போதும், படகை விற்க வேண்டியதில்லை. விதிகளும் கறாரானவை. ஆளுக்கொரு பாயைத் தைத்துக்கொள்ள முடியாது. ஆகவே காசுள்ளவர் வேகத்தை விலைக்கு வாங்குவது கடினம்.

கேள்வி: பழைய படகு வாங்கும்போது எதைப் பார்ப்பது?

பதில்: பாய்மரம் நிற்கும் குழியில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றிவிட்டு அரை மணி நேரம் காத்திருங்கள். மட்டம் இறங்கினால் அடியில் விரிசல், படகின் வயிற்றுக்குள் தண்ணீர் போகிறது என்று பொருள். என் முதல் படகில் நான் இதைச் செய்யவில்லை. விற்றவர் மெழுகு பூசிப் பளபளவென்று வைத்திருந்தார், மயங்கிவிட்டேன். முதல் பந்தயம் முடிந்து பின்புறத் தக்கையைத் திருகியபோது கொட்டிய தண்ணீர் ஒரு வாளிக்கு மேல் இருந்தது. மேல்தளத்தையும் உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். மெத்தைபோல அமுங்கினால் நடையைக் கட்டுங்கள். பாய் பழையதா என்பதைக் காதே சொல்லிவிடும். புதியது காகிதம்போல மொரமொரக்கும், அடிபட்டது வேட்டித் துணிபோலத் துவளும்.

கேள்வி: எனக்கு 49இஆர் படகின் மீதுதான் ஆசை.

பதில்: எனக்கும் இருந்தது! இருவர் ஓட்டும் வேகப் படகு அது. கவிழ்ந்தால் பாய் கிழியும், பாய்மரம் ஒடியும். பழுதுக்கென்று தனியாகப் பணம் வேண்டும்; வாரம் தவறாமல் கூட வரும் இணையும் வேண்டும். இரண்டாவது கிடைப்பதுதான் அரிது.

கேள்வி: படகு வாங்கியதோடு செலவு முடிந்ததா?

பதில்: அங்கேதான் தொடங்குகிறது. பயிற்சியாளர், அவர் பின்தொடர்ந்து வரும் மோட்டார் படகு, அதற்கு எரிபொருள், வெளியூர்ப் பந்தயங்கள், தங்குமிடம். சில ஆண்டுகளில் படகின் விலையே சில்லறையாகத் தெரியும். மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரு பயிற்சியாளரை வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுப் பந்தயங்களுக்குப் படகைச் சுமந்து போகாதீர்கள், அங்கேயே வாடகைக்கு எடுங்கள். படகு எங்கும் ஒரே மாதிரி என்பதன் லாபம் அதுதான். ஒலிம்பிக்கிலும் ஐஎல்சிஏ பிரிவுக்குப் படகை ஏற்பாட்டாளர்களே தருகிறார்கள்.

கேள்வி: எதில் கஞ்சத்தனம் கூடாது?

பதில்: உயிர்காப்பு உடுப்பில். அடுத்து, தொடையின் பின்புறம் பட்டைகள் வைத்துத் தைத்த ஹைக்கிங் கால்சட்டையில். கால்களைப் படகினுள் இருக்கும் வாரில் மாட்டி, உடம்பை வெளியே தொங்கவிட்டு (இதுதான் ஹைக்கிங்) ஒரு மணி நேரம் ஓட்டினால், படகின் விளிம்பு தொடையில் வரைந்த கோடு மறுநாளும் இருக்கும்.