மரக்கட்டை பஞ்சாயத்து: வாசகர் கேள்விகள்

கேள்வி: என் தம்பி டொராண்டோல இருக்கான், போன் பண்ணா போதும், அமெரிக்காக்காரன் எங்க மரத்துக்கு வரி போடறான்னு ஒரே புலம்பல். மரத்துல அப்படி என்னங்க சண்டை? (வாசகி, மதுரை)

பதில்: தம்பியை அவர் வீட்டு சுவத்தைத் தட்டிப் பாக்கச் சொல்லுங்க, டொக்குடொக்குனு கேக்கும். அங்க முக்காவாசி வீட்டுக்கு எலும்புக்கூடே மரச்சட்டம்தான். அந்த சட்டத்துக்குப் பேரு டூ பை ஃபோர், ஆனா காயவச்சு இழைச்சு கைக்கு வரும்போது ஒண்ணரைக்கு மூணரை இஞ்ச்தான் இருக்கும், அது தனிக் கதை. கனடாவுல காடு பெரும்பாலும் மாகாண அரசு சொத்து. வெட்டற மரத்துக்கு கம்பெனி கட்டற கட்டணத்தை அரசாங்கமே நிர்ணயம் பண்ணுது, அமெரிக்காவுல நிறைய காடு தனியார் கையில, மார்க்கெட் விலை. அதனால, அரசாங்கம் சல்லிசா மரம் குடுக்கறது மறைமுக மானியம்னு அமெரிக்க மில்காரங்க 1982ல கேஸ் போட்டாங்க. அன்னைக்கு ஆரம்பிச்சது.

கேள்வி: கேஸ்ல கனடா ஜெயிச்சுதாமே, அப்புறம் எதுக்கு பார்லிமென்ட்ல சட்டம் போட்டு சமாதானம்? (வாசகர், கோவை)

பதில்: நல்லா கேட்டீங்க. 2002ல அமெரிக்கா கனடா மரத்துக்கு சராசரியா 27 சதவீதம் வரி போட்டுச்சு. அதுக்கு முன்னாடியே 2000ல செனட்டர் ராபர்ட் பேர்ட் பேர்ல ஒரு சட்டத் திருத்தம் வந்திருந்துச்சு, அதுப்படி வசூலாகற வரி கஜானாவுக்குப் போகாது, கேஸ் போட்ட கம்பெனிகளுக்கே பங்கு. புகார் குடுத்தவனுக்கே அபராதக் காசுன்னா எவன் சார் சமாதானத்துக்கு வருவான்? உலக வர்த்தக அமைப்பு அது தப்புன்னு 2003ல சொல்லியும், அமெரிக்க காங்கிரஸ் அதை ரத்து பண்ண 2006 ஆயிடுச்சு. நடுவுல 2005 ஆகஸ்ட்ல நாஃப்டாவோட (வட அமெரிக்க நாடுகளோட வர்த்தக ஒப்பந்தம்) கடைசிக்கட்ட அப்பீல் கமிட்டியும் கனடா பக்கம் தீர்ப்பு சொல்லுச்சு, ஆனா வாஷிங்டன் வாங்கின காசைத் திருப்பித் தரல.

அப்புறம்தான் ரெண்டு நாடும் போட்ட 2006 ஒப்பந்தம். வசூலிச்ச சுமார் 500 கோடி டாலர்ல 400 கோடி திரும்ப வந்துச்சு, 100 கோடி அங்கேயே நின்னுடுச்சு, அதுல பாதி கேஸ் போட்ட மில்காரங்களுக்கு! ஜெயிச்சவன் தோத்தவனுக்கு மொய் எழுதின கதை. பேச்சு நடத்தின கனடா மந்திரி டேவிட் எமர்சன், முன்னாடி பெரிய மரக் கம்பெனியோட தலைவரா இருந்தவர், லிபரல் சீட்டுல ஜெயிச்சு சில வாரத்துல கன்சர்வேடிவ் மந்திரி ஆனவர் (கட்சித் தாவல் நம்ம ஊர் காப்பிரைட் இல்லைங்க).

இதை அமல்படுத்த கனடா தலைநகர் ஒட்டாவாவுல சி-24னு ஒரு மசோதா, எதிர்க்கட்சிகள்ல பிளாக் கியூபெக்வா ஆதரவு குடுக்க டிசம்பர்ல சட்டமாச்சு. ஐடியா எனக்குப் புடிச்சிருக்கு: எல்லையில அமெரிக்கா வரி வாங்கறதுக்குப் பதிலா கனடாவே ஏற்றுமதி வரி வாங்கிக்கும், காசு உள்ளூர்லயே நிக்கும். ஆயிரம் போர்டு அடி (அங்க மரம் அளக்கற கணக்கு) 355 டாலருக்கு மேல வித்தா வரியே இல்ல, விலை சரிய சரிய 5, 10, 15 சதவீதம்னு ஏறும். இவ்வளவுதான் அனுப்புவோம்னு கோட்டா ஏத்துக்கிட்ட மாகாணத்துக்கு ரேட்டு கம்மி. ஆனா ஒப்பந்தத்துல கையெழுத்து போடாம தனியா நின்ன கம்பெனிக்கு வர்ற ரீஃபண்ட்ல 18 சதவீதத்தை அரசே எடுத்துக்கும்னும் அதுல எழுதி வச்சிருந்தாங்க பாருங்க, அதுக்குப் பேரு சம்மதமா? நான் மிரட்டல்னுதான் சொல்வேன்.

கேள்வி: அப்ப ஏன் இன்னும் தம்பி புலம்பறார்? (அதே மதுரை வாசகி)

பதில்: ஒப்பந்தம் 2015 அக்டோபர்ல காலாவதி. முடிஞ்சப்புறமும் ஒரு வருஷம் கேஸ் போடக்கூடாதுன்னு அதுல ஷரத்து இருந்துச்சு, அந்த ஒரு வருஷம் முடிஞ்ச கொஞ்ச நாள்லயே, 2016 நவம்பர்ல அடுத்த கேஸ் விழுந்துடுச்சு. 2025ல வரி 35 சதவீதத்தைத் தாண்டிடுச்சு, அக்டோபர்ல தேசப் பாதுகாப்புன்னு சொல்லி மேல இன்னொரு 10. மரச்சட்டத்துக்கும் தேசப் பாதுகாப்புக்கும் என்ன சம்பந்தம்னு என்னைக் கேக்காதீங்கம்மா.